ஜன்னல் ஓரத்தில் ஒரு பூகோளப் பாடம்

உங்கள் அட்லஸை எடுத்துக் கொள்ளுங்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்து உள்ள பக்கத்தைப் பிரியுங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கொழும்பு நகருக்குச் சற்று வடக்கே, விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் மற்றொரு புள்ளி வையுங்கள். இரண்டையும் அளவுகோலால் நேர்கோடாக இணையுங்கள். கோடு எந்த ஊர்களை ஒட்டிச் செல்கிறது?

முதலில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதைத் தாண்டியவுடன் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கூடங்குளம் கடற்கரை. பிறகு மன்னார் வளைகுடா. திருவனந்தபுரத்துக்கும் கூடங்குளத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 90 கி.மீ. பேருந்தில் மூன்று மணி நேரமாவது ஆகும். விமானத்துக்கோ பத்து நிமிடம் போதும். விமானங்கள் எப்போதும் இப்படி அளவுகோல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. ஆயினும் இன்று நாம் அந்தக் கோட்டின் மேலேயே கற்பனையாகப் பறப்போம். இந்தப் பத்து நிமிடத்துக்குள் நிலம் நான்கு முறை தன் நிறத்தை மாற்றிக் கொள்கிறது. ஏன் மாற்றுகிறது என்று கேட்பதுதான் நம் பாடம்.

இடப்பக்க ஜன்னலில் அமருங்கள். விமானம் கிழக்குத் தென்கிழக்காகப் போகிறது. ஆகவே உங்கள் ஜன்னல் வடக்கைப் பார்க்கும்.

எவ்வளவு தூரம் தெரியும்?

பறப்பதற்கு முன் இரண்டு கணக்குகளைச் செய்துவிடுவோம். விமானம் 6 கி.மீ. உயரத்தில் இருக்கும்போது அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும்? பிதாகரஸ் தேற்றம் உங்களுக்குத் தெரியும். பூமியின் மையம், விமானம், அடிவானப் புள்ளி ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம் ஆகும். பூமியின் ஆரம் 6,370 கி.மீ. என்று கொண்டால், அடிவானத் தொலைவின் வர்க்கம் ஏறத்தாழ 2 × 6,370 × 6. அதாவது 76,440. இதன் வர்க்கமூலம் சுமார் 276. ஆகவே 276 கி.மீ. வரை தெரிய வேண்டும். கூடங்குளத்தின் மேல் இருக்கும்போது இலங்கையின் கற்பிட்டிக் கரைகூட இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது!

ஆனால் பெரும்பாலான நாட்களில் அது தெரியாது. கணக்கு தவறா? இல்லை. இடையே உள்ள காற்றில் தூசும் நீராவியும் கடல் உப்பின் நுண்துகள்களும் மிதக்கின்றன. அவை ஒளியைச் சிதறடித்து வெண்திரை போடுகின்றன. கணக்கு சொல்வது எல்லையை. காற்று எவ்வளவு அனுமதிக்கிறது என்பது வேறு செய்தி.

இரண்டாவது கணக்கு, கீழே தெரியும் பொருளின் அளவைப் பற்றியது. கையை முழுவதும் நீட்டினால் கண்ணிலிருந்து விரல் நுனி வரை சுமார் 60 செ.மீ. சுட்டுவிரல் நகத்தின் அகலம் சுமார் 1 செ.மீ. அதாவது 60-க்கு 1. விமானத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் பார்த்தால், 6 கி.மீ. உயரத்துக்கு, பார்வைத் தொலைவு 8.5 கி.மீ. ஆகும். அதை 60-ஆல் வகுத்தால் சுமார் 140 மீட்டர். நகம் மறைக்கும் அகலம் அவ்வளவே. ஒரு குளக்கரை பத்து நகம் நீளம் இருந்தால் அது சுமார் 1,400 மீட்டர். உங்கள் விரலே ஒரு நில அளவைக் கருவி ஆகிவிட்டது அல்லவா?

முதல் நிறம்: கரும்பச்சை

விமானம் எழும்பியதும் கீழே தெரிவது தென்னந்தலைகளின் அடர்ந்த பச்சை. வீடுகள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வரும். கூரைகள் மரங்களுக்கு இடையே ஒளிந்திருக்கும். மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் வரிவரியாகத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மி.மீ. இரண்டு பருவக்காற்றுகளும் இங்கே மழை தருகின்றன.

இப்போது ஜன்னலுக்கு நேரே மேற்குத் தொடர்ச்சி மலை. வடக்கே தொலைவில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை, அதாவது நம் பொதிகை. அருகே மகேந்திரகிரி. அதன் கிழக்கு அடிவாரத்தில்தான் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ நிலையம் இருக்கிறது.

ஜூலை மாதத்தில் பறப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மலையின் மேற்குப் பக்கம் முழுவதும் வெண்மேகம் மூடியிருக்கும். மேகம் மலையுச்சி வரை ஏறி, கிழக்கே சற்று வழிந்து, பிறகு வெட்டினாற்போல் மறைந்துவிடும். அந்தப் பக்கம் வெறும் நீலவானம். மேகத்தை யார் தடுத்தார்கள்?

சிறு கணக்கு ஒன்று போடுவோம். 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஈரக்காற்று மலைமேல் ஏறுகிறது. உயர உயர அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. முதல் அரை கிலோமீட்டரில் 5 பாகை குறைந்து 23 ஆகிறது. இங்கே நீராவி குளிர்ந்து மேகமாகத் தொடங்குகிறது. நீராவி நீராகும்போது மறைவெப்பத்தை வெளிவிடும். ஆகவே இதற்கு மேல் கிலோமீட்டருக்குச் சுமார் 5 பாகைதான் குறையும். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏறியதும் 18 பாகை. ஈரத்தின் பெரும்பகுதி மழையாகக் கொட்டிவிட்டது. இப்போது காற்று கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். ஈரம் இழந்த காற்று கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறும். ஒன்றரை கிலோமீட்டருக்கு 15 பாகை. 18-உடன் 15-ஐக் கூட்டுங்கள்: 33! ஏறும்போது 28 பாகையாக இருந்த காற்று, இறங்கும்போது 33 பாகை வெப்பமும் வறட்சியும் கொண்டதாகிறது. மேகம் தடுக்கப்படவில்லை; ஆவியாகி மறைந்தது. இதுதான் மழை மறைவுப் பிரதேசம் உண்டாகும் வழி.

இரண்டாம் நிறம்: செம்மண்ணில் வெள்ளை ஊசிகள்

கணவாயைத் தாண்டியதும் பச்சை சட்டென்று வெளிறுகிறது. வெளிர்மஞ்சளும் செம்மண்ணும் தெரிகின்றன. அவற்றின் மேல் வெள்ளை ஊசிகள் குத்தினாற்போல் ஆயிரக்கணக்கான காற்றாலைகள். முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கங்களில் இவை கூட்டங்கூட்டமாக நிற்கின்றன.

மழையைத் தராத அதே காற்று, மின்சாரத்தைத் தருகிறது. அகன்ற வாய்க்காலில் மெதுவாக ஓடும் நீர் குறுகிய மடையில் சீறிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கிலிருந்து வரும் காற்றும் மலைகளுக்கு இடையே உள்ள கணவாயில் நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முயற்சி 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. உங்கள் தாத்தா பாட்டியின் இளமைக்காலத்தில் இதே ஜன்னலில் பார்த்திருந்தால் ஓர் ஊசிகூடத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நிறம்: மின்னும் பிறைகள்

காலையில் பறக்கும்போது ஒரு விந்தை நிகழும். விமானம் நகர நகர, கீழே ஓரிடம் கண்ணாடித் துண்டுபோல் பளிச்சென்று மின்னி மறையும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. சூரியன் உங்கள் பக்கம் இருந்தால்தான் இது தெரியும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாகும் இடத்தில் உள்ள நீர்ப்பரப்பு மட்டுமே அந்தக் கணத்தில் சூரியனை உங்கள் கண்ணுக்கு அனுப்பும். நீங்கள் நகர்ந்தால் அடுத்த நீர்ப்பரப்பின் முறை வரும். அப்படி ஒவ்வொன்றாக விளக்கேற்றிக் கொள்பவைதான் நம் குளங்கள்.

குளங்களின் வடிவத்தைக் கவனியுங்கள். பெரும்பாலானவை பிறை நிலா போன்றவை. பிறையின் வளைந்த முதுகு கிழக்கே அல்லது தென்கிழக்கே இருக்கும். திறந்த வாய் மேற்கே மலையைப் பார்க்கும். ஏன்? நிலம் மலையிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. சரிவில் ஓடிவரும் நீரைத் தடுக்கத் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டால் போதும். மேட்டுப் பக்கத்துக்குக் கரை தேவையில்லை. ஆகவே குளம் வறண்டிருந்தாலும், கரை எந்தப் பக்கம் என்று பார்த்தால் நிலச்சரிவின் திசையைச் சொல்லிவிடலாம். கரைக்கு வெளியே மதகுக்குக் கீழே பச்சை வயல். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகக் கோத்தவர்கள் விமானத்தில் பறந்து பார்த்தவர்கள் அல்லர். நீர் ஓடும் வழியில் கூடவே நடந்து பார்த்து அறிந்தவர்கள்.

ஊர்ப் பெயர்களும் இதையே சொல்கின்றன. கூடங்குளம் ஒன்று. பறவைகளுக்குப் புகழ்பெற்ற கூந்தன்குளம் வேறொன்று. அது வடக்கே நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று ஊர்கள் சமுத்திரமாகவும் விரிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேலிருந்து பச்சையாகத் தெரிவதெல்லாம் பயிர் அன்று. சில குளங்களின் உள்ளேயே அடர்ந்த பச்சை தெரியும். வளமான விளைச்சல் என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. அது சீமைக் கருவேலமாக இருக்கலாம். நீர் நிற்க வேண்டிய இடத்தில் முள்மரம் நிற்கிறது என்பது அந்தப் பச்சையின் பொருள். பயிர் வயலுக்கு வரப்பு உண்டு, கட்டம் உண்டு. பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும். கருவேலத்துக்கு வரப்பு இல்லை. கடுங்கோடையிலும் பச்சை மாறாது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வடிவத்தையும் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதே அறிவியல் முறை.

வானம் தெளிவாக இருந்தால் வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் ஒரு பச்சை நாடா தெரியக்கூடும். அது தாமிரபரணிப் பள்ளத்தாக்கு. சுமார் 128 கி.மீ. நீளமே உடைய ஆறு. ஆனால் அதில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது; மற்றவை அதற்கும் முந்தியவை. ஆகஸ்டில் பறந்தால் சுற்றிலும் காய்ந்த நிலம், நடுவே இந்த நாடா மட்டும் பச்சை. அது கார்ப் பயிர். தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் கொட்டிய மழை ஆறாக இறங்கி வந்து வளர்த்தது. ஜனவரியில் பறந்தால் நாடாவின் ஓரம் கலைந்து, குளத்துப் பாசன வயல்களும் பச்சையாகியிருக்கும். அது பிசானம். வடகிழக்குப் பருவமழையின் கொடை. ஒரே ஜன்னல், ஒரே நிலம். மாதம் மாறினால் படம் மாறுகிறது.

நான்காம் நிறம்: தேரிச் சிவப்பு

கடலை நெருங்கும்போது திசையன்விளை, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு நிறம் தெரியும். செங்கல்லை அரைத்துக் கொட்டினாற்போன்ற சிவப்பு. இவைதாம் தேரிகள். காற்று குவித்த மணல்மேடுகள். ஒவ்வொரு மணியையும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோல்போல் போர்த்தியிருப்பதால் இந்தச் சிவப்பு. மேலே புள்ளிகளாகத் தெரிபவை பனைகளும் முந்திரி மரங்களும்.

சிவப்புத் தேரிகளில் சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. சாயர்புரம் போன்ற இடங்களில் கிடைத்த அத்தகைய கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற அறிஞர்கள் 1956-இல் விரிவாக எழுதினர். அவற்றைச் செய்த வேட்டைக்காரர்களின் காலத்தில் கடல்மட்டமே வேறாக இருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று கடலாகத் தெரியும் பரப்பின் ஒரு பகுதி அன்று நிலம்.

இரண்டு குவிமாடங்கள்

இதோ கரை. கடலோரத்தில் இரண்டு குவிமாடங்கள், கடலுக்குள் நீளும் கல்லணை. கூடங்குளம் அணுமின் நிலையம். 1988-இல் இந்தியாவும் சோவியத் நாடும் ஒப்பந்தம் செய்தன. 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை 2013-லும் இரண்டாவது 2016-லும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறன் உடையது. மேலும் நான்கு உலைகளுக்கான பணிகளும் பின்னர் தொடங்கப்பட்டன.

நிலையம் ஏன் ஆற்றோரத்தில் இல்லாமல் கடலோரத்தில் இருக்கிறது? 1,000 மெகாவாட் மின்சாரம் பெற உலை சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்க வேண்டும். மீதி 2,000 மெகாவாட் வெப்பம் என்ன ஆகும்? அது குளிர்விக்கும் நீருடன் வெளியேற வேண்டும். அவ்வளவு நீரை இந்த வறண்ட பகுதியின் எந்த ஆறும் தராது, கடல்தான் தரும். நிலையத்துக்குத் தேவையான நன்னீரைக்கூடக் கடல்நீரிலிருந்தே எடுக்கின்றனர்.

குவிமாடங்களுக்கு அருகிலேயே இடிந்தகரை முதலிய மீனவர் ஊர்கள். கடலுக்குத் திரும்பும் வெதுநீர் மீன்களை என்ன செய்யும், விபத்து நேர்ந்தால் எங்கே செல்வது என்ற கேள்விகளுடன் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இம்மக்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நிலையம் இயங்க அனுமதித்தது. மேலிருந்து பார்த்தால் குவிமாடம் பெரிதாகவும் கட்டுமரம் சிறிதாகவும் தெரியும். பார்வையின் அளவு வேறு, வாழ்க்கையின் அளவு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

கரை நகர்ந்த கதை

இனி வேறொரு பயணம். சென்னையிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் வரும் சிறு விமானங்களில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழ்க்காட்சியை மறைக்காது. இறங்கும்போது சதுரம் சதுரமாக உப்பளங்கள் தெரியும். உப்பு செறியச் செறிய நீரின் நிறம் மாறும். செறிவு மிகுந்த பாத்திகள் சில வேளை இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த உப்பிலும் வாழத் தெரிந்த நுண்ணுயிர்களின் நிறம் அது.

அங்கிருந்து தெற்கே தாமிரபரணியின் கழிமுகம். சங்ககாலப் பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இப்போது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கப்பல் நின்ற இடத்தில் நெல் விளைகிறது! கடலா பின்வாங்கியது? ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்த வண்டல், கழிமுகத்தைத் தூர்த்துக் கரையைக் கிழக்கே தள்ளியது. துறைமுகமும் ஆற்றுவாயைத் தேடி நகர்ந்தது. பழையகாயல் பிறந்தது, அதுவும் உள்ளே தள்ளப்பட்டது. இப்போது ஆறு கடலைச் சேருமிடம் புன்னைக்காயல். காயல் என்றால் கடலோர உப்பங்கழி. பெயர்களை வரிசையாகப் படித்தாலே கரை நகர்ந்த வரலாறு தெரிகிறது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் தீவாயிற்று, ஒரு ரயில் நிறையப் பயணிகள் சிக்கிக் கொண்டனர். ஹெலிகாப்டரில் உணவு கொண்டு சென்றவர்கள் ஜன்னல் வழியே கண்டது வயல்களை அன்று, நீர்ப்பரப்பை. நாம் மறந்துவிட்ட பள்ளங்களை எல்லாம் நீர் நினைவு வைத்திருந்தது. எந்தக் குளத்தின் மறுகால் அடைபட்டிருக்கிறது, எந்த ஓடையின் மேல் வீடு எழும்பியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிய, மேலிருந்து பார்க்கும் பார்வை வேண்டும். அது வேடிக்கை அன்று. உயிர் காக்கும் அறிவு.

ஜன்னலுக்குப் பின் வந்த கண்கள்

ஜன்னல் ஒரு கணத்தைத்தான் காட்டும். மாற்றத்தை அறிய அதே இடத்தை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு வழிகாட்டியவர் பிஷாரடி என்ற வானிலை அறிஞர். 1970 வாக்கில் கேரளத்தின் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்து, வேர் வாடல் நோய் கண்ட மரங்களை இனங்காண முயன்றார். நலமுள்ள இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக எதிரொளிக்கும். நோயுற்றது குறைவாக எதிரொளிக்கும். இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தொடக்கம் அதுவே. 1988-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது.

நீங்கள் செய்து பாருங்கள்

விமானத்தில் ஏற எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்காது. அதனால் என்ன? பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. உங்கள் ஊர்க் குளத்தின் படத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்து வரையுங்கள். கரை எந்தத் திசையில் உள்ளது? நிலம் எங்கே சரிகிறது?

2. குளத்தின் மறுகால் எங்கே போகிறது? பெரியவர் ஒருவர் துணையுடன் அந்த வழியே நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள்.

3. தாத்தாவையோ ஆச்சியையோ கேளுங்கள்: குளம் முன்பு எதுவரை நிறையும்? அந்த எல்லையையும் உங்கள் படத்தில் புள்ளிக்கோடாக வரையுங்கள்.

4. நூறு மீட்டர் உயரமுள்ள குன்றின் மேல் நின்றால் அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும்? (விடை: சுமார் 36 கி.மீ.)

மூன்றாவது பயிற்சியின் புள்ளிக்கோட்டுக்கும் இன்றைய நீர்க்கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பைக் கட்டத்தாளில் அளந்து பாருங்கள். உங்கள் ஊர் இழந்தது எவ்வளவு, மீட்க வேண்டியது எவ்வளவு என்பதை அந்தக் கட்டங்கள் காட்டிவிடும்.